கிழவிக்கு நெய், முனியாண்டிக்கு முள்கம்பி

என் பேத்திகளில் இரண்டு பேர் படித்துக் கெட்டுப்போனவர்கள். மூத்தவள் ரவாங்கில் இருக்கிறாள். எலி மூளையை அரைத்து, அதில் கொழுப்பு எவ்வளவு என்று அளப்பதுதான் அவள் வேலை. ஞாபகம் போனவர்கள் மூளையில் ஏதோ ஒரு கொழுப்பு குறைகிறதாம். இளையவள் புக்கிட் செந்தோசாவில் இருக்கிறாள். பதினாறு, பதினேழு வயதில் பிள்ளை பெற்றவர்களையும், ஜெயிலுக்குப் போன அவர்கள் புருசன்மாரையும் தேடிப் பிடித்துக் கேள்வி கேட்கிறாள். சின்ன வயதில் பிள்ளை பெற்றதால் ஜெயில் வந்ததா, ஜெயில் வந்ததால் சின்ன வயதில் பிள்ளை வந்ததா என்று கண்டுபிடிக்கப் போகிறாளாம். போன தீபாவளிக்கு இருவரும் என் முறுக்கைக் கடித்துக்கொண்டு இதையெல்லாம் பெரிய விசயமாகப் பேசியபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னா பாட்டி சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லடி. நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா கடை போட்டிருக்கீங்க. நான் ரெண்டு சரக்கையும் ஒரே லயத்து வீட்ல வச்சிருந்தேன்."

அப்போது எனக்குப் பதினாறு வயது. வயிற்றில் ஏழு மாதம். கோலா சிலாங்கூருக்கு வடக்கே, சபாக் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். மலாயாவில் வெள்ளைக்காரர்களுக்கும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் நடந்த சண்டைக்கு அவசரகாலம் என்று பேர் வைத்திருந்தார்கள். பேர்தான் அவசரம். பன்னிரண்டு வருடம் ஆற அமர நடந்தது.

நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு முள்கம்பி போட்டார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்கு ஒரு பருக்கைகூடப் போகக் கூடாது என்பது சட்டம். பால் வெட்டப் போகிறவன் வாளிக்குள் கையை விடுவார்கள், முண்டாசை உதறுவார்கள். பெண்களுக்கு ஒரு மலாய்க்காரம்மா வந்து இடுப்பைத் தடவுவாள். பசியாற ஒரு பிடி சோறு கொண்டுபோக வழியில்லை. விடியற்காலை மரத்துக்குப் போனவர்கள், பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் வாயில் எதையும் போடலாம். துரை மட்டும் காரில் ரொட்டியும் முட்டையும் வைத்துக்கொண்டு காடு சுற்றுவார். அவர் யாருக்கும் கொடுத்துவிட மாட்டார் என்று சட்டத்துக்கு அவ்வளவு நம்பிக்கை. கொடுக்கவும் மாட்டார்தான். எங்களுக்கே கொடுத்ததில்லை.

இதில் சாமிக்கும் சிக்கல் வந்தது. எங்கள் முனியாண்டி பால் வெட்டும் வெட்டுக்காட்டு நடுவில், ஒரு பெரிய மரத்தடியில் இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பிடி சோறு, ஒரு துண்டு கருவாடு, ஒரு சுருட்டு அவருக்கு வைத்துவிட்டுத்தான் மரத்தில் கத்தி வைப்பது வழக்கம். அந்தச் சோற்றைக் கட்டிக் கொடுக்கிற பொறுப்பு என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு. வேலி வந்த பிறகு சோறு வெளியே போக முடியாது. அப்படியானால் சாமி உள்ளே வரவேண்டியதுதான் என்று எங்களை வேலை வாங்குகிற மண்டோர் முடிவு செய்தார். மேளம் அடித்து, கல்லையும் சூலத்தையும் பிடுங்கி, லோரியில் ஏற்றி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இறக்கினார். காட்டைக் காவல் காத்த சாமிக்கு வாசலில் இரண்டு போலீஸ் காவல். அவருக்கு ஐ.சி. அடையாள அட்டை எடுக்கவில்லை, அவ்வளவுதான் குறை.

இந்த இடமாற்றம் என் மாமியார் மண்டையில் நிற்கவில்லை. அவளுக்கு ஏற்கெனவே ஞாபகம் ஓட்டைச் சட்டியாக ஆகியிருந்தது. அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசியைக் கோழிக்கு இறைப்பாள். என்னைத் தினமும் புதிதாகப் பார்ப்பாள்.

"யாருடி நீ? யாரு வீட்டுப் புள்ளைய வயித்துல தூக்கிட்டு இங்க வந்து நிக்கிற?"

"உங்க பேரப்புள்ளதான் அத்தே."

"எனக்கு ஏதுடி பேரன்? எம்மவனுக்கு இன்னும் பால்பல்லே விழல."

"பல்லு விழலன்னாலும் உங்க மவன் ரொம்ப கெட்டிக்காரரு அத்தே."

ஒரு வெள்ளிக்கிழமை வேலி வாசலில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் என் வீட்டுக்காரர். போலீஸ்காரன் அவர் வாளிக்குள் கையை விட்டு ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தான்.

"அப்பா இனி?" என்று மலாயில் கேட்டான். என்ன இது என்று அவனுக்குத்தான் தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிரித்தால் சோறு, கருவாடு, சுருட்டு. கிழவி நாங்கள் பார்க்காத நேரத்தில் வாளிக்குள் வைத்திருக்கிறாள். அவள் கணக்கில் முனியாண்டி இன்னும் மரத்தடியில் பசியோடு உட்கார்ந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் திரும்பி லயத்தைப் பார்த்தார். கிழவி வாசற்படியில் குந்தி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் வச்சேன்," என்றார். "முனியாண்டிக்கு."

கூட நின்ற போலீஸ் சார்ஜனுக்குத் தமிழ் தெரியும். "ஒங்க முனியாண்டி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மண்டோர் முந்திக்கொண்டார். சாமியைக் கொண்டுவந்த பெருமை அவருக்கு. "உள்ளாரதான் சார்! நான்தான் லோரில ஏத்திக் கொண்டாந்தேன். தகரக் கூரைகூட போட்டாச்சு!"

"சாமி உள்ள இருக்கு. சோறு வெளிய போவுது. அப்போ வெளிய இருந்து சாப்புடறது யாரு?"

மண்டோருக்கு அப்போதுதான் வாய் மூடியது. அதைக் கொஞ்சம் முன்னால் மூடியிருக்கலாம். சுருட்டைத் தனியாகக் காகிதத்தில் சுற்றினார்கள். சோறு போதாதென்று சுருட்டும் கொடுத்துக் காட்டுக்காரர்களை உபசரிக்கிற தீவிர ஆதரவாளர் என்று என் வீட்டுக்காரரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வயது அவருக்கு. அவர் தீவிரமாக ஆதரித்த ஒரே விசயம் தூக்கம்.

விசாரணை இல்லாமலே இரண்டு வருடம் வைக்கலாம் என்றார்கள். அதைவிட மோசமானது கப்பல். கைக்குழந்தையாக ஊரிலிருந்து வந்தவர் அவர். பிடிபட்டவர்களில் இங்கே பிறக்காதவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிடுகிறார்கள் என்று தோட்டமே பேசியது. அவரை நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் கோயில் வாசலில் உட்காரக்கூட அவருக்கு ஆள் தெரியாது. நான் இங்கே பிள்ளையோடும் ஞாபகம் போன கிழவியோடும் நிற்க வேண்டும்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் போய் அழுதேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வழி சொன்னார்.

"கெழவிதான் வச்சான்னு சொன்னா, கெழவியப் புடிச்சுக்குவான். கெழவிக்கு மூள சரியில்லன்னு டிரஸ்ஸர் ஒரு காகிதம் எழுதித் தரட்டும். ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்."

டிரஸ்ஸர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ராஜா. காய்ச்சலுக்கும் கால் உடைந்ததற்கும் ஒரே மருந்து கொடுப்பார். ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது கண்ணாடி ஜாடியில் ஒரு மனித மூளையைப் பார்த்துவிட்டாராம். அன்றிலிருந்து அவர் அறிவாளி.

"மூளன்னா என்னான்னு நெனச்ச? பூராவும் கொழுப்பு! வெண்ணெ மாதிரி இருக்கும்," என்றார். "ஒன் மாமியாருக்கு வெயில்ல கொழுப்பு உருகிப்போச்சு. நான் ஆராய்ச்சி பண்ணாம எழுத முடியாது."

"எத்தன நாளு பண்ணுவீங்க ஐயா?"

"மூணு வாரம்."

"அதுக்குள்ள அவர கப்பலேத்திட்டா?"

"அறிவியலுக்கு அவசரம் ஆவாது."

மூன்று வாரமும் கிழவியைத் தினமும் இழுத்துக்கொண்டு போனேன். தையல்காரன் நாடாவால் அவள் தலையைச் சுற்றி அளந்து நோட்டில் எழுதுவார். கொழுப்பு ஏற ஏறத் தலை பெரிதாகும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. ஒரு கரண்டி நெய், ஒரு கரண்டி மீன் எண்ணெய். நெய்யை விழுங்குவாள். மீன் எண்ணெயை அவர் சட்டையில் துப்புவாள். அந்த அளவுக்கு அவளுக்குப் புத்தி இருந்தது. நெய் நான் கொண்டுவர வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி நான் நெய் வாசனையைப் பார்த்துக்கொண்டு கஞ்சி குடித்தேன்.

பிறகு கேள்வி. "முனியாண்டி எங்க இருக்காரு?" என்று கேட்பார். கிழவி மரத்தைக் காட்டுவாள். "உள்ள இருக்காரு, உள்ள!" என்று சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொன்னால் ஒரு பிஸ்கட். மூன்றாவது வாரம் கேள்வி முடியும் முன்பே "உள்ள" என்று கையை நீட்டினாள். டிரஸ்ஸர் கண்ணில் தண்ணீர். எனக்குத்தான் அதில் இருந்த ஆபத்து புரியவில்லை. காகிதம் எழுதி ஒட்டிக் கொடுத்தார். இங்கிலீஷ். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்த நான் அதை மடியில் பத்திரமாகக் கட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் டவுனிலிருந்து ஒரு சிலோன்காரம்மா வந்தாள். வெள்ளைச் சேலை, தோல் பை, கட்டுக் காகிதம். பிடித்துப்போனவர்களின் இளம் மனைவிகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதும் வேலை. இந்தக் கேள்வி வியாபாரத்தை இளைய பேத்தி புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறாள்.

"உங்களுக்கு எத்தனை வயதில் கலியாணம் நடந்தது?"

"பதினஞ்சு."

பேனாவை நிறுத்தித் தலையை ஆட்டினாள். "பிள்ளை பிறந்தால் எப்படி வளர்ப்பீர்கள்?"

"மத்த புள்ளைங்க எப்பிடி வளருதோ அப்பிடித்தான். இத எழுதறதுக்கா அம்மா இவ்ளோ தூரம் போலீஸ் லோரில வந்தீங்க?"

கோபப்படவில்லை. அடுத்த கட்டத்தைக் காட்டினாள். "புருசன் பெயர்?"

நான் வாயைத் திறக்கவில்லை. கட்டிய புருசன் பேரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும். ஆயுசு ஏற்கெனவே அந்த நிலைமையில் இருந்தது. அதையும் நானே குறைக்க வேண்டுமா? லயத்துச் சுவர் பலகைதான். அந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, அங்கிருந்தே பேரைக் கத்தினாள். அந்தம்மா சிரித்துவிட்டாள்.

"எங்கட அம்மாவும் இப்பிடித்தான். ரேசன் கார்டு எழுத வந்தவனைச் சாகடிச்சுப் போட்டா."

அந்தச் சிரிப்பில் எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, கோலா சிலாங்கூரில் ஒரு கமிட்டி உட்காரப் போகிறது, தானே மொழிபெயர்க்கப் போகிறேன், மாமியாரைக் கூட்டிக்கொண்டு வர உத்தரவு வாங்கித் தருகிறேன் என்றாள். சொன்னபடி வாங்கியும் தந்தாள்.

கமிட்டி என்றால் மின்விசிறிக்குக் கீழே மூன்று வெள்ளைக்காரர்கள். அவர்களில் நடுவில் இருந்தவர் மட்டும் விழித்திருந்தார். என் வீட்டுக்காரரை முந்தின நாளே கேட்டு முடித்துத் தடுப்பு முகாமுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மடியை அவிழ்த்து டிரஸ்ஸர் காகிதத்தைக் கொடுத்தேன். வெள்ளைக்காரர் படித்தார், புருவத்தைத் தூக்கினார், ஏதோ சொன்னார். சிலோன்காரம்மா முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா எழுதியிருக்கான் அந்த ஆளு?"

"உங்கட மாமிக்கு மூளையில் கொழுப்புக் குறைஞ்சிருந்ததாம். தான் நெய்யும் எண்ணெயும் குடுத்துப் பூரணமாகக் குணப்படுத்திப்போட்டாராம். சாமி வேலிக்கு உள்ளேதான் இருக்கிறார் என்று இப்ப அவவுக்கு நல்லாத் தெரியுமாம்."

என் வயிற்றில் பிள்ளை ஒரு உதை உதைத்தது. டிரஸ்ஸரை உதைக்க வேண்டியது. காகிதம் கேட்கப் போனவளுக்கு அவன் தன் பெருமையை எழுதிக் கொடுத்திருக்கிறான்.

வெள்ளைக்காரர் சும்மா இருக்காமல் சோதித்தும் பார்த்தார். "சாமி எங்கே?" என்று அந்தம்மா தமிழில் கேட்டு வாய் மூடவில்லை, கிழவி "உள்ள!" என்று சொல்லி, வெள்ளைக்காரரைப் பார்த்து பிஸ்கட்டுக்குக் கையை நீட்டினாள். அவர் கை குலுக்கினார். நன்றாக உட்கார்ந்திருந்தாள், நன்றாக விபூதி பூசியிருந்தாள். வீட்டில் என்னைத் திருடி என்பவள், அந்நியர் முன்னால் மகாராணி. முடிந்தது கதை என்று நினைத்தேன். மகன், கிழவி இரண்டு பேருமே ஜெயிலுக்குப் போகப் போகிறார்கள்.

வெள்ளைக்காரர் பேனாவை எடுத்துக் காகிதத்தை நிரப்ப ஆரம்பித்தார். "புருசன் பெயரைக் கேள்," என்றார்.

கிழவி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு தரம் கேட்டார்கள். பதில் இல்லை.

"சரி, மகன் பெயர்?"

கிழவி இன்னும் குனிந்தாள். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரருக்கு அவருடைய தாத்தா பேரை வைத்திருந்தார்கள். கிழவிக்கு அது மாமனார் பேர். புருசன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும், மாமனார் பேரைச் சொன்னால் மரியாதை குறையும். பெற்ற நாள் முதல் அவரை 'தம்பி' என்று கூப்பிட்டாளே தவிர, அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. மற்றதெல்லாம் மூளையிலிருந்து ஒழுகிப்போயிருந்தது. அது மட்டும் எந்தக் கொழுப்பில் ஒட்டிக்கொண்டிருந்ததோ.

வெள்ளைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். பெற்ற பிள்ளை பேர் தெரியாத தாயை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர்கூட விழித்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கிழவி முந்தானைக்குள் முணுமுணுத்தாள்.

"எவன்டி இவன்? வீட்டு ஆம்பளைங்க பேரெல்லாம் கேக்குறான். யாருன்னு கேளுடி அவன."

அவள் என்ன சொல்கிறாள் என்று வெள்ளைக்காரர் கேட்டிருக்க வேண்டும். சிலோன்காரம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை விளக்கினால் போதும், கிழவி குணமானவள் என்று ஆகிவிடும். நான் அவளைப் பார்க்காமல் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டேன். பதினாறு வயதில் அந்த வித்தை எனக்கு நன்றாக வரும்.

அந்தம்மா இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். கொஞ்சம்தான். வெள்ளைக்காரர் டிரஸ்ஸர் காகிதத்தை இரண்டாக மடித்து ஓரமாகத் தள்ளினார்.

வெளியே வந்த பிறகு, "என்னாம்மா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அவவால பெயரைச் சொல்ல ஏலாது, நீங்கள் யார் என்று கேட்கிறா. அவ்வளவுதான் சொன்னனான். பொய் இல்லைத்தானே?"

"சத்தியமா இல்லம்மா."

ஆனால் அதற்கு முன்னால் உள்ளே இன்னொரு கண்டம் இருந்தது. இப்படிப்பட்டவளை வீட்டில் விடக்கூடாது, மறுபடியும் சோறு கட்டுவாள், பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றார் வெள்ளைக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயது கேட்டார். பதினாறு என்றதும், "இந்தக் குழந்தையா இந்தக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும்?" என்று கேட்டாராம்.

"இத்தன நாளா யாரு பாத்துக்கிட்டாங்களாம்? தொரையா வந்து குளிப்பாட்டி விட்டாரு?"

அந்தம்மா இதைப் பாதியாகக் குறைத்துத்தான் சொல்லியிருப்பாள். இல்லாவிட்டால் நானும் உள்ளே போயிருப்பேன். கிழவி கட்டுகிற சோறு வேலியைத் தாண்டினால் நான் பொறுப்பு என்று ஒரு காகிதம் நீட்டினார்கள். பெருவிரலில் மையைத் தடவிவிட்டுத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார்கள். அவளை ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நான் வாயடித்தால் திருப்பி வாயடிக்க அந்த லயத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

லோரியில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "ஏண்டி, அந்த வெள்ளக்காரனுக்கு அம்மா அப்பா கெடையாதா? மருவாத தெரியாத பய. பிஸ்கட்டும் குடுக்கல."

பன்னிரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரரை விட்டார்கள். வாசல் வரை போலீஸ் லோரியில் வந்து, கையில் ஒரு துணி மூட்டையோடு நடந்து வந்தார். இளைத்துப் போயிருந்தார். என் வயிற்றைப் பார்க்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. நேரே கிழவியைப் பார்த்தபடி நின்றார். அவள் கோழியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"மொகாம்ல அதிகாரி படிச்சுச் சொன்னான்," என்றார். "அம்மாவுக்கு எம்பேரே மறந்துபோச்சாமே. எழுதியே வச்சிருக்கான். அதுலேருந்து நான் தூங்கல."

அவர் தூங்கவில்லை என்றால் விசயம் பெரியதுதான்.

"ஒங்க பேர அவங்க என்னைக்குச் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டேன்.

மூட்டையைக் கீழே வைத்தார். பால் குடித்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமாக யோசித்துப் பார்த்தார் போலிருக்கிறது. நேரம் ஆனது. கோழி தப்பித்து ஓடிவிட்டது.

"ஆமாலா," என்றார்.